குப்பைப் பாதி

போட்டோத் தொழிலில் இருப்பவர்கள் அவனை ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர். மற்றவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் பாலும் முட்டையும் இருக்கும். அவன் வீட்டு ஃப்ரிட்ஜில் பிலிம் இருக்கும். அதுவும் சாதாரண பிலிம் இல்லை. எடுத்த கையோடு படம் வெளியே வருகிற உடனடி கேமராவின் பிலிம். கம்பெனிக்காரன் அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று உலகம் தன் பாட்டுக்குப் போய்விட்டது. இவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"தக்காளி எங்கடா?" என்று அக்கா காலையில் கேட்பாள்.

"வெளிய வெச்சிருக்கேன். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"உன் டப்பாவுக்கு மட்டும் ஆயிடுமா?"

"ஆயிடும் அக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பஸ் டிப்போ டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க ஊராருக்குப் பதில் சொல்கிறவள் அவள். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்து தம்பியோடு இருக்கிறாள். தம்பிக்குக் கல்யாணப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை. எடுத்திருந்தாலும் வருகிறவள் காய்கறியை எங்கே வைப்பாள்?

பகலில் ஐஸ்பெட்டிக்கு ஒரு போட்டோக் கடையில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை. கண்ணாடியைக் கழட்டுங்க, நிமிர்ந்து பாருங்க, சிரிக்காதீங்க, அடுத்தவங்க வாங்க. அந்த முகமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் விழும். அப்புறம் அவற்றை ஈ காக்காய் திரும்பிப் பார்க்காது. அந்த அலுப்புதான் அவனை இந்தப் பிலிமிடம் தள்ளியிருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான பிலிம் அது. கேமராவின் பக்கவாட்டில் வெள்ளைக் காகிதம் ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் அடுத்து மஞ்சள் நாக்கு வரும். அதைப் பதறாமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். உள்ளே இரண்டு உருளைகளுக்கு நடுவில் பிலிம் நசுங்கி வரும்போது, ஓரத்தில் ஒட்டியிருக்கிற சின்ன மருந்துப் பை உடைந்து பசை படம் முழுக்கப் பரவும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பிரித்தால் ஒரு பாதியில் முகம் இருக்கும். மற்றப் பாதி கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். குப்பை.

வம்பெல்லாம் அந்த மருந்துப் பையில்தான். சூடு பட்டால் காய்ந்துவிடும். சரி, குளிரில் வைப்போம் என்றால் அதற்கும் அளவு உண்டு. மற்ற பிலிமை உறையவைத்தால் பல வருஷம் தாங்கும். இதை உறையவைத்தால் பையில் இருக்கிற மருந்து கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், காய்கறிக்குப் பக்கத்தில், கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பார்த்தாலும் அது நாளுக்கு நாள் செத்துக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் மெதுவாகச் சாகும், அவ்வளவுதான்.

கடைசியாக அவனுக்குக் கிடைத்தது மூடப்போகிற ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். நுண்ணோக்கியில் பார்த்ததைப் படமெடுக்க ஒரு காலத்தில் இந்தப் பிலிமைத்தான் அங்கே வாங்கினார்களாம். அங்கிருந்த ஸ்டோர்காரர் பெருமையோடு ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காக டப்பாக்கள், எல்லாம் கல்லாக உறைந்திருந்தன.

"ஒண்ணுகூட வீணாப் போயிடக் கூடாதுன்னு நானே எடுத்து உள்ள வெச்சேன் சார்" என்றார்.

ஐஸ்பெட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனசோடு செய்தவரிடம் என்னவென்று சொல்வது? நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியபோது, ஃப்ரீசருக்குக் கீழே திறந்திருந்த ஃப்ரிட்ஜ் கதவின் உள்தட்டில் யாரோ வைத்து மறந்த கண் சொட்டு மருந்துக்குப் பின்னால் ஒரே ஒரு டப்பா நின்றது. அது உறையவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"எடுக்க வேண்டியதுதானே?" என்றாள் அக்கா.

"நல்ல முகம் ஒண்ணு வரணும் அக்கா."

"ஏன், எங்களுக்கெல்லாம் இருக்கிறது என்ன, முதுகா?"

அவள் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. மறு வாரமே ஒரு முகத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

அவர்கள் குடியிருக்கிற கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலை தைப்பது. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மிஷினில் உட்காருவாள். தைத்ததைப் போட்டுப் பார்க்கிற பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று போனைத் தூக்கினால், ஊசி தேடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். ஐஸ்பெட்டி அதையெல்லாம் பார்த்திருக்கிறான். கூச்ச சுபாவம் போல என்று நினைத்திருந்தான்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"என் பொண்ணு நர்சிங் படிக்கப் போறா அண்ணா. வேற ஊரு, ஹாஸ்டல். உன் போட்டோ ஒண்ணு குடும்மான்னு கேட்டா. என்கிட்ட இல்ல. அடையாள அட்டையில இருக்கிறத எடுத்துக்கடின்னேன். அது நீ இல்லம்மா, யாரோ கைதி மாதிரி இருக்குங்கிறா."

"கடைக்கு வாங்களேன், நல்லாவே எடுத்துத் தரேன்."

"கம்ப்யூட்டர்ல ஏறும்ல?"

"ஏறும்."

"அதான் வேண்டாங்கிறேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ அப்பனை விட்டுட்டுப் போறேன்னு சொன்னதுக்கு, அவன் என் படத்தையெல்லாம் ஊருக்கே போன்ல அனுப்பிட்டான். நான் தூங்கறப்ப எடுத்தது, துணி மாத்தறப்ப எடுத்தது. எனக்கே தெரியாது எடுத்தான்னு. கடைக்காரன் பாத்தான், ஸ்கூல் வாத்தியார் பாத்தாரு, என் தம்பி பாத்தான். இன்னைக்கும் எங்கயோ, யாரோ ஒருத்தன் போன்ல நான் இருக்கேன். அதுக்கப்புறம் நான் எந்த கேமரா முன்னாடியும் நின்னதில்ல."

ஐஸ்பெட்டிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அக்கா சொன்னாங்க, உங்ககிட்ட ஒரு கேமரா இருக்காம், அதுல ஒரே ஒரு படம்தான் வருமாம்."

"ஆமாங்க. கம்ப்யூட்டர் கிடையாது, கார்டு கிடையாது. வர்ற படம் உங்க கைக்கு வந்துரும்."

"நெகட்டிவ்?"

"அதுவும் கிடையாது."

"வேற எங்கயும் இருக்காதே? ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாங்க. சத்தியமா."

அதைச் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமராவைப் பற்றி எவர் கேட்டாலும் சொல்கிற வாக்கியம் அது. தொழிலில் ஊறிப்போய் நாக்கில் தானாக வருவது. யோசித்துச் சொல்லியிருந்தால்தான் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் டப்பாவை வெளியே எடுத்து மேஜையில் வைத்தான். குளிர் போவதற்குள் பிரித்தால் உள்ளே வியர்த்துவிடும் என்று மத்தியானம் வரை அதைத் தொடவில்லை. உருளைகளை ஈரத்துணியால் துடைத்தான். ஜன்னலோரம் நாற்காலி போட்டான். தையல்காரி தானே தைத்த நீலச் சட்டையில் வந்து, சண்டைக்கு வருகிறவனைப் பார்ப்பது போல லென்ஸைப் பார்த்தாள்.

முதல் படம் பாழ். மருந்துப் பை பாதி காய்ந்து, கழுத்துக்கு மேலே வெறும் சாம்பல் நிறம். அவள் அதையும் கேட்டு வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு ஜாக்கிரதை.

"நிமிர்ந்து பாருங்க. சிரிக்காதீங்க" என்றான் ஐஸ்பெட்டி, இரண்டாவது படத்துக்கு.

"டேய், அவ என்ன அட்டைக்கா படம் எடுக்க வந்திருக்கா?" என்று அக்கா சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள். "இவன் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க இருக்கறவங்களைக் கண்ணாடியக் கழட்டுன்னுதான் சொல்வான்!"

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், அடக்குவதை விட்டுவிட்ட அந்த நொடியில் அவன் அழுத்தினான்.

வெள்ளை நாக்கு, மஞ்சள் நாக்கு. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பிரித்தான். படம் வந்திருந்தது. வெளிறித்தான் இருந்தது, நீலம் பச்சையாக மாறியிருந்தது, நெற்றி வெயிலில் கரைந்திருந்தது. ஆனால் அவள்தான், சிரித்துக்கொண்டு.

அவள் அதை இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அட, எங்க அம்மா மாதிரி ஆயிட்டேனே" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் அவன் கையில் இருந்த கறுப்புப் பாதியைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"அது குப்பைங்க. தொடாதீங்க, மருந்து பட்டா கை எரியும்."

சொல்லிக்கொண்டே, சொன்ன அதே கையால் அந்தக் குப்பையைக் கொண்டுபோய் சமையலறைத் தொட்டிக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான்.

கை செய்த வேலையைப் பார்த்தீர்களா? இந்தப் பிலிம் கிடைக்காமல் போன பிறகு, கிடைத்த ஒவ்வொன்றிலும் எதையும் வீணாக்கக் கூடாது என்று ஆகிவிட்ட கை அது. அந்தக் கறுப்புப் பாதியை உலரவைத்து, முதுகில் இருக்கிற பூச்சை ப்ளீச் ஊற்றிக் கரைத்தால் உள்ளே நெகட்டிவ் இருக்கும். அதிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம். ஐஸ்பெட்டி பல வருஷமாக அதைச் செய்கிறான். குளியலறை ப்ளீச் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அக்கா பல வருஷமாகக் கேட்கிறாள். வாய் ஒண்ணுதான் என்று சத்தியம் செய்தது. கை இரண்டாவதை உலரப் போட்டது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

தையல்காரி மிச்ச நாள் முழுக்கப் பாட்டு முணுமுணுத்தபடி தைத்தாள் என்று அக்கா வந்து சொன்னாள். மறுநாள் விடிந்ததும் மகள் கிளம்பினாள், படம் அவள் பெட்டியோடு போனது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. ஐஸ்பெட்டி கண்ணாடித் தகட்டில் அந்தக் கறுப்புப் பாதியைக் கவிழ்த்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, ப்ளீச் ஊற்றிப் பஞ்சால் துடைத்தான். கறுப்பு கரைந்து ஓடியது. திருப்பிப் போட்டுப் பசையைக் கழுவினான். ஜன்னலில் பிடித்துப் பார்த்தான். வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் இருந்தாலும், பழகின கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா! கயிற்றில் காய்ந்த இத்தனை வருஷக் குப்பையில் இப்படி ஒன்று வந்ததில்லை. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை.

போனில் நிறத்தைத் தலைகீழாக மாற்றிக் காட்டுகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டு, போனை நெகட்டிவ் முன்னால் நீட்டினான். திரையில் அவள் வந்தாள். சட்டை நீலமாகவே இருந்தது. நெற்றி கரையவில்லை. வாயை மூடப்போன கை மார்பளவில் நின்றிருந்தது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் பயந்திருந்தாள், பயந்ததற்குத் தன்னையே பார்த்துச் சிரித்திருந்தாள். அவன் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இனி இப்படி ஒன்று எடுக்கப்போவதும் இல்லை, அது அவனுக்கே தெரியும். விரல் படமெடுக்கிற பொத்தானுக்குப் போனது.

"ஏண்டா," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அவ மூஞ்சி உன் போன்ல எப்படி வந்துச்சு?"

தூக்கிவாரிப் போட்டது அவனுக்கு. போனைக் கீழே வைத்தான். அந்த நிமிஷம் வரை அவன் பார்த்தது பிலிமை. பூச்சு சரியாகக் கரைந்ததா, நிறம் பிடித்ததா, இவ்வளவுதான். அதில் இருப்பவள் கீழே தையல் கடையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவள் என்பதை அக்கா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"படுபாவி. நான்தானேடா அவளைக் கூட்டிட்டு வந்தேன்."

"தெரிஞ்சு செய்யல அக்கா."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா உனக்கு இங்க சோறு இருக்காது." ப்ளீச் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். "இந்தப் பக்கமும் ப்ளீச்சை ஊத்து, போயிடும். அவகிட்ட மூச்சு விடாதே. இப்பதான் நிம்மதியா இருக்கா, அதைக் கெடுக்காதே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை என்பதில் முதல் காரணம் வெட்கக்கேடானது: படம் அவ்வளவு நன்றாக இருந்தது. சேர்த்துச் சேர்த்து வைத்த கை, அழிக்க வர மாட்டேன் என்றது. இரண்டாவது காரணம் ராத்திரி படுத்த பிறகு மெல்ல வந்தது. அவளைக் கேட்காமல் அவள் படத்தை வைத்திருந்தான் ஒருத்தன். அவளைக் கேட்காமல் இவன் அழித்துவிட்டால், அப்போதும் அவளைக் கேட்காமல்தானே? திங்கட்கிழமை காலையில் நெகட்டிவை ஒரு உறையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவனைத் திரும்பிப் பார்த்ததும் தையல்காரியின் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா. பொண்ணு போய்ச் சேர்ந்துட்டா. படத்தைத் தலைமாட்டுலயே ஒட்டி வெச்சிட்டாளாம்."

அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அவன் நின்றபடியே சொன்னான். குப்பை என்று சொன்னது குப்பை இல்லை என்றான். எப்படிக் கழுவுவது என்பதையும் சொன்னான். போனில் காட்டிப் பார்த்ததையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ரத்தம் வற்றுவது தெரிந்தது. மிஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"ஒண்ணுதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"சத்தியம் பண்ணீங்க."

"ஆமாங்க. தப்பு என்னோடது."

"போனைக் குடுங்க."

கொடுத்தான். திறந்தே கொடுத்தான். அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். பிலிம் டப்பா, பிலிம் டப்பா, கேமராவின் உருளை, அக்கா தூங்குவது, மறுபடி பிலிம் டப்பா. அழித்த படங்கள் போய்ச் சேருகிற இடத்தையும் திறந்து பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதைத் தேடக் கற்றுக்கொண்ட நாட்களை அவன் நினைத்துப் பார்த்தான்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உறையை வாங்கினாள். நெகட்டிவைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"யார் யார் பாத்தீங்க?"

"நானும் அக்காவும்."

"நல்லா வந்திருக்கா?"

அதற்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்து என்று தோன்றியது. உண்மையையே சொன்னான். "நான் எடுத்ததுலயே இதான் நல்லா வந்திருக்கு."

அவள் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி மேஜையில் வைத்தாள். நெகட்டிவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே வெட்டுங்க."

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். ஒரு பிலிமைக்கூட வீணாக்காதவன், காலாவதியான டப்பாவின் அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதவன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் குறுக்கே வெட்டினான். சிரிப்பு போனது. மறுபடி வெட்டினான், கண் போனது. துண்டுகளை அடுக்கி மறுபடியும் வெட்டினான். கடைசியில் துணித் துணுக்குகளுக்கு நடுவே அது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அழ அவனுக்கு அங்கே உரிமை இல்லை.

அவள் எல்லாத் துண்டையும் வழித்துக் கைப்பையில் போட்டு மூடினாள். மிஷினில் உட்கார்ந்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவன் திரும்பி வாசல்வரை போய்விட்டான்.

"அந்தப் பிலிம் மிச்சம் இருக்கா?" என்று அவள் முதுகு கேட்டது.

"இருக்குங்க. கேமராவுக்குள்ளதான் இருக்கு. கேமராவோட சேர்த்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டேன்."

"பொண்ணு லீவுக்கு வருவா. ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துக்கணும். பிரிக்கறப்ப நான் உங்க பக்கத்துல நிப்பேன். ரெண்டு பாதியும் என் கையில வரணும்."

"வரும்."

"லீவுக்கு இன்னும் நாளிருக்கு. அதுவரைக்கும் கெடாம இருக்குமா அது?"

இருக்கும், நான் பார்த்துக்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை. வாயை மூடிக்கொண்டான். கீழ்த்தட்டில் காய்ந்துகொண்டிருக்கிற மருந்துப் பைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

"தெரியலைங்க," என்றான். "இருக்கலாம். இல்லாமலும் போகலாம். என்னால சொல்ல முடியாது."

மிஷின் சக்கரத்தில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. பிறகு அவள் நாற்காலியோடு திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "எடுத்துப் பாப்போம்."